எல்லாரும் புகழும் பேக்கரியில் ஒரு மணி நேரம் நின்று வாங்கியது ஏன் சப்பென்று இருந்தது? மறுபடி போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். ரீல்ஸிலும் நண்பர்கள் வாயிலும் ஓயாமல் பேர் அடிபடுகிற ஒரு பேக்கரி. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறீர்கள். நான்கு க்ரோசான்ட் (வெண்ணெய் அடுக்குகள் கொண்ட மொறுமொறு பண்டம்), ஒரு சவர்டோ ரொட்டி (இயல்பாகப் புளிக்கவைத்த மாவில் சுடுவது), அந்தக் கடையின் 'வைரல்' ஐட்டமான க்ரீம் வழியும் பன் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பெட்டியில் மூடி எடுத்து வந்து, இரவு எட்டு மணிக்கு மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்துச் சாப்பிட்டால் க்ரோசான்ட் இழுவையாக இருந்தது, ரொட்டி புளித்தது, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்ததில் மறுநாள் கட்டையாகிவிட்டது. "எல்லாம் வெறும் ஹைப்தானா, இன்னொரு தடவை போகலாமா?" என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பண்டம் கடையிலேயே சுமாராக இருந்ததா, அல்லது வாங்கிய பிறகு கெட்டதா? புளிப்பைத் தவிர நீங்கள் சொல்லும் குறைகள் எல்லாமே கடையை விட்டு வெளியே வந்த பிறகு நிகழக்கூடியவை. அதனால் அந்தக் கடைக்கு இன்னும் தீர்ப்பு எழுத முடியாது.

பேக்கரித் தொழிலில் இருப்பவர்கள் இன்னொருவர் கடைக்குப் போனால் பெயர்ப் பலகையைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். ஓவனை விட்டு வெளியே வந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது, எந்தக் கடை என்பதைவிடப் பெரிய வித்தியாசத்தைச் செய்துவிடும். க்ரோசான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவனிலிருந்து எடுத்த உடனே அது நன்றாக இருக்காது. உள்ளே வெண்ணெய் திரவமாக இருக்கும், நடுப்பகுதி ஈரமாக இருக்கும். அரை மணி நேரம் ஆறினால் அடுக்குகள் இறுகி நிலைக்கும். அதிலிருந்து மூன்று, நான்கு மணி நேரம்தான் அதன் உச்சம். பிறகு நடுவிலிருக்கும் ஈரம் மெல்ல வெளிப்புறத்துக்கு ஏறும். மொறுமொறுவென்று உதிர வேண்டிய மேல்தோல் நமுத்துப்போகும். நீங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு வாங்கியது விடியற்காலை ஆறு மணிக்குச் சுட்டதாக இருந்தால், கையில் வாங்கும்போதே அதன் நல்ல நேரம் முடிந்திருக்கும். இரவு எட்டு மணிக்குக் கேட்கவே வேண்டாம்.

ரொட்டிக்கு இதில் இன்னொரு கதை இருக்கிறது. ரொட்டி கட்டையாவது ஈரம் வற்றுவதால்தான் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். ஈரம் வெளியே போகாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் பழசாகிறது என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் பூஸாங்கோ 1852-லேயே காட்டிவிட்டார். காரணம் மாவுச்சத்து. சுடும்போது நீரை உறிஞ்சி இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகத் தொடங்கும். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது ஃபிரிட்ஜின் சூட்டுநிலையில், அதாவது 0 டிகிரிக்குச் சற்று மேலே. ஃப்ரீசரில், -18 டிகிரியில், கிட்டத்தட்ட நின்றேவிடும். எனவே ரொட்டியை வெளியே வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஃபிரிட்ஜ்தான் அதற்கு எமன். உங்கள் ரொட்டி மறுநாள் கட்டையானதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை.

இனி வரிசை. நீளமான வரிசை என்பது தேவை அதிகம், கொடுக்கும் வேகம் குறைவு என்ற இரண்டைத்தான் சொல்கிறது. ருசியைப் பற்றி அது நேரடியாக எதையும் சொல்வதில்லை. வேகம் குறைவாக இருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. வெண்ணெயை மாவுக்குள் வைத்து மடித்து மடித்துச் செய்யும் பண்டங்கள் பல கடைகளில் மூன்று நாள் வேலை: முதல் நாள் மாவு பிசைந்து குளிரில் வைப்பது, இரண்டாம் நாள் வெண்ணெய்ப் பலகையை உள்ளே வைத்து மூன்று முறை மும்மடிப்பாக மடித்து (அப்படி மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள்) வெட்டிச் சுருட்டுவது, மூன்றாம் நாள் விடியலில் 25 டிகிரி வாக்கில் இரண்டு இரண்டரை மணி நேரம் பொங்கவிட்டுச் சுடுவது. ஆக, இன்று காலை எத்தனை விற்கலாம் என்பது முந்தாநாளே முடிவாகிவிட்ட கணக்கு. கூட்டம் கூடிவிட்டதே என்று அவசரமாக இன்னொரு ஈடு போட முடியாது. பொங்கும் சூட்டைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்தப் பார்த்தால், 28 டிகிரியைத் தாண்டியதும் வெண்ணெய் இளகி ட்ரேயில் ஒழுகத் தொடங்கும். 2013 மே மாதம் நியூயார்க்கில் தொமினிக் ஆன்செல் 'க்ரோனட்' என்று ஒன்றை அறிமுகப்படுத்தியபோது, கடை திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே வரிசை நின்றது உலகச் செய்தியானது. அதுவும் இதே மாதிரி அடுக்கு மாவை எண்ணெயில் பொரிக்கும் பண்டம்தான். நினைத்தவுடன் இரட்டிப்பாக்க முடியாத வேலை.

அதே சமயம் சில வரிசைகள் பண்டத்துக்கே சம்பந்தமில்லாதவை. ஒரே கவுண்டரில் காபியும் போட்டுக் கொடுக்கிறார்கள் என்றால், காபிக்கு ஆகும் ஒவ்வொரு இரண்டு மூன்று நிமிடமும் வெறும் ரொட்டி வாங்க வந்தவர் தலையில்தான் விடியும். பலகையைப் பார்த்து யோசிப்பவர்கள், ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கி ரிப்பன் கட்டச் சொல்பவர்கள், வீடியோ எடுப்பவர்கள் என்று மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். தட்டுப்பாட்டை வேண்டுமென்றே உண்டாக்கும் கடைகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட கடை அப்படிச் செய்கிறதா என்பதைத் தெருவில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது, அதை ஊகிப்பதில் பயனும் இல்லை. பயனுள்ளது, எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு. போனவுடன் ஐந்து நிமிடம் கவனியுங்கள்: பை வாங்கிக்கொண்டு வெளியே வருபவர்கள் எத்தனை பேர்? ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் வெளியே வருகிறார்கள், உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் என்றால், இருபத்தைந்து நிமிடம். அடுத்து, வருபவர் கையில் ஆளுக்கு எத்தனை பெட்டி என்று பாருங்கள். ஒவ்வொருவரும் ஆறு ஆறாக அள்ளிக்கொண்டு போனால், நீங்கள் உள்ளே நுழையும்போது தட்டு காலியாகியிருக்கும். வரிசையில் இருந்தபடியே கடை ஆளிடம், "க்ரோசான்ட் இந்த இடம் வரைக்கும் வருமா?" என்று கேட்டுவிடலாம். நல்ல கடைகளில் யாராவது ஒருவர் எண்ணி வைத்திருப்பார்.

எப்போது போவது என்பதற்கு 'திறந்ததும் போ' என்பதே எல்லாரும் சொல்லும் பதில். பாதிதான் சரி. க்ரோசான்ட் மாதிரிக் காலைப் பண்டங்களுக்கு அது பொருந்தும். சவர்டோ மாதிரிப் பெரிய ரொட்டிகளை, ஓவன் காலியான பிறகு, ஒன்பது பத்து மணிக்கு மேல் சுடும் கடைகள் உண்டு. அங்கே திறந்ததும் போனால் முந்தைய நாள் ரொட்டியை வாங்கி வருவீர்கள். கடைக்குக் கடை இது மாறும், ஆகவே ஃபோனில் கேட்டுவிடுவது மேல். கேட்கும் விதம் முக்கியம். "எப்போ ஃப்ரெஷ்ஷா கிடைக்கும்?" என்றால் "எல்லாமே ஃப்ரெஷ்தான் சார்" என்பார்கள். "க்ரோசான்ட் ஒரு நாளைக்கு எத்தனை ஈடு போடுவீங்க? கடைசி ட்ரே எத்தனை மணிக்கு வெளிய வரும்?" என்று கேளுங்கள். இதற்கு எண்ணில்தான் பதில் வர வேண்டும். ஒரே ஈடு என்றால் திறந்ததும் போங்கள். மூன்று ஈடு என்றால் இரண்டாவது ஈடு வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துப் போங்கள், பெரும்பாலும் காலை நெரிசலும் சற்றுத் தணிந்திருக்கும். வார நாளா, வார இறுதியா என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வார நாளில் கூட்டம் குறைவு, ஆனால் சுடுவதும் குறைவு. தட்டில் கிடப்பது பல மணி நேரம் கிடந்ததாக இருக்கலாம். சனி, ஞாயிறில் நிற்க வேண்டியிருக்கும், ஆனால் பண்டம் தட்டில் தங்காமல் போய்க்கொண்டே இருப்பதால் சூட்டோடு கிடைக்க வாய்ப்பு அதிகம். வார நாளில் திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போக முடிந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. முன்பதிவு வசதி இருந்தால் அதைவிட நல்லது. எத்தனை மணிக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று அவர்கள் கேட்கும்போது, ஓவன் நேரத்தை ஒட்டிச் சொல்லுங்கள்.

உள்ளே போனபின், தொட்டுப் பார்க்க முடியாது. கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். நல்ல க்ரோசான்ட்டின் நிறம் ஆழ்ந்த பழுப்பு. பலரும் வெளிர் மஞ்சளாக இருப்பதைக் கேட்டு வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் பாதி வெந்தது. பக்கவாட்டில் அடுக்குகளின் விளிம்பு தனித்தனியாகக் கோடு கோடாகத் தெரிய வேண்டும். வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தால் வெண்ணெய் மாவுக்குள் கலந்துவிட்டது என்று அர்த்தம். கையில் வாங்கியதும் எடை பாருங்கள்: உருவத்துக்கு இலேசாக இருக்க வேண்டும். திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடி உலர்ந்து சீராகச் சிவந்திருந்தால் சரி. எண்ணெயில் பொரித்தது போல பிசுபிசுவென்று, தாளில் பெரிய கறை விட்டால், பொங்கும்போதோ ஓவனிலோ வெண்ணெய் ஒழுகி, அந்த வெண்ணெயிலேயே அடி வறுபட்டிருக்கிறது. குறுக்கே வெட்டினால் தேன்கூடு மாதிரி அறைகள் நடுவிலிருந்து விரிந்திருக்கும். நடுவில் களியாக, கனமாக ஒரு கட்டி இருந்தால் சரியாகப் பொங்கவில்லை, அல்லது வேகவில்லை. மேலே ஒரே பெரிய பொந்து, கீழே அடர்த்தி என்றால், மடிக்கும்போது குளிரில் வெண்ணெய் உடைந்திருக்கும், அல்லது பொங்கும் நேரத்தைக் குறைத்திருப்பார்கள். ஒரே ஒரு அறிகுறியை வைத்து எது காரணம் என்று பிரிப்பது கடினம். ஆனால் அது சுடுபவர் செய்த பிழை, உங்கள் பெட்டி செய்த பிழை அல்ல என்பது மட்டும் நிச்சயம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில், வாய்ச் சூட்டிலேயே உருகிவிடும். மென்று விழுங்கிய பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒரு படலம் நின்றால், பேஸ்ட்ரிக்கென்றே வரும், அதிகச் சூட்டில் உருகும் மார்ஜரினை (எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாற்று) சந்தேகிக்கலாம். இதைச் சூடாக இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது, ஆறியதில்தான் தெரியும்.

சவர்டோ புளிக்கத்தான் செய்யும். அந்த ரொட்டியின் சுபாவம் அது. எவ்வளவு புளிப்பு என்பது கடையின் தேர்வு, உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது உங்கள் நாக்கு. இதில் சரி தவறு இல்லை. குறை என்று சொல்ல வேண்டியவை வேறு: வெட்டும்போது கத்தியில் பசை ஒட்டுவது, மேலோட்டுக்கு அடியில் ஒரு பெரிய குகை, அடியில் ஈரமாக ஒரு பட்டை. ஆனால் சூட்டோடு வெட்டினாலும் கத்தியில் பசை ஒட்டும். ஓவனை விட்டு வந்து குறைந்தது இரண்டு மணி நேரம் ஆன பிறகு வெட்டியதை வைத்துத்தான் பேச வேண்டும். பெரிய பெரிய ஓட்டைகள் தரத்துக்கு அடையாளம் என்பது புகைப்படம் எடுப்பவர்கள் பரப்பிய கருத்து. ஜாம் தடவினால் மேசையில் ஒழுகும், அவ்வளவுதான் அதன் பலன்.

எதை வாங்குவது என்றால், முதல் தடவை அலங்காரமில்லாததை வாங்குங்கள். வெறும் வெண்ணெய் க்ரோசான்ட் ஒன்று, வெறும் ரொட்டி ஒன்று. மேலே பிஸ்தா க்ரீமும் சாக்லேட்டும் வழியும் 'வைரல்' பண்டம் ருசியாக இருக்கலாம். ஆனால் சர்க்கரையும் க்ரீமும் அடியில் இருக்கும் மாவின் குறையை முழுக்க மறைத்துவிடும், அதனால் அதைத் தின்று கடையின் கைத்திறனை எடைபோட முடியாது. அது வேண்டுமென்றால் ஒன்று வாங்கி அங்கேயே பங்கு போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். க்ரீமின் ஈரம் மணிக்கு மணி கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அதோடு பால், முட்டை சேர்ந்த கஸ்டர்ட், க்ரீம் வகைகளை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். க்ரீம் எப்போது நிரப்பினீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டபின் நிரப்பித் தரும் கடை என்றால் அது நல்ல அறிகுறி. பிற்பகலில்தான் போக முடியும் என்பவர்களுக்கு ஒரு யோசனை: பாதாம் க்ரோசான்ட். மிஞ்சிய நேற்றைய க்ரோசான்ட்டைப் பிளந்து, சர்க்கரைப் பாகில் நனைத்து, பாதாம் க்ரீம் வைத்து மறுபடி சுடுவதுதான் அதன் வழக்கமான செய்முறை. பழசாக இருப்பதே அதற்குப் பலம். மதியம் மூன்று மணிக்கும் அது நன்றாகவே இருக்கும். தட்டில் மற்றதெல்லாம் வாடியிருக்கும் நேரத்தில் தைரியமாக வாங்கலாம்.

உங்கள் வீட்டிலோ உடன் வருபவர்களிலோ யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் இதையும் கவனியுங்கள். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் படி, 'க்ளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லை' என்று போட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவு காற்றில் பறக்கும் அதே அறையில் செய்ததற்கு அந்த அளவை உறுதியாகக் காப்பது மிகக் கடினம். சீலியாக் நோய் (க்ளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்கள் தனி அறை, தனிப் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பலகையை நம்ப வேண்டாம். பருப்புகளுக்கும் இதே பேச்சுதான். ஒரே இடுக்கியால் எல்லாத் தட்டிலும் எடுக்கிறார்களா என்று ஒரு நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுபோவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சூடாக இருக்கும் பண்டத்தை மூடிய பெட்டியில் வைத்தால் ஆவி உள்ளேயே சுற்றி மேல்தோலை நனைத்துவிடும். காகிதப் பை, வாய் திறந்தபடி. கடையில் பெட்டி போட்டுக் கொடுத்தால் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்று அடுக்காதீர்கள். வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். வெண்ணெய் உருகி அடுக்குகளுக்குள் ஊறிக் கனத்துவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மறுபடி சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். அது உள்ளிருக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆவியை மேல்தோலுக்குத் தள்ளும். எடுத்த நிமிடம் மெத்தென்று இருக்கும், ஆறியதும் தோல் மாதிரி இறுகும். உங்களுக்குக் கிடைத்த இழுவை பெரும்பாலும் இதன் வேலைதான். க்ரோசான்ட்டை, முன்கூட்டியே சூடான ஓவனில் அல்லது ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்), 160 முதல் 170 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் மொறுமொறுப்பு திரும்பும். ஏர் ஃப்ரையர் என்றால் 150 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் போதும், கருகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டி முழுசாக இருந்தால் மேலே தண்ணீர் தெளித்து 180 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம். நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டும்போது இறுகிய மாவுச்சத்தில் பெரும்பகுதி மறுபடி இளகும். ஆனால் இது கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆறினால் முன்னைவிட வேகமாக இறுகும் என்பதால், சாப்பிடும் அளவை மட்டும் சூடு பண்ணுங்கள். இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் வாங்கிய அன்றே துண்டு போட்டு, காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் நேரே டோஸ்டரில் போடுங்கள். க்ரோசான்ட்டையும் அப்படியே உறைய வைக்கலாம். உறைந்ததை நேராக ஓவனில் வைக்கும்போது இன்னும் மூன்று நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் சரியாக இருக்கும்.

இன்னொரு முறை போகலாமா என்றால், போகலாம், ஆனால் நான்கும் ஐந்தும் வாங்காமல். ஃபோனில் ஓவன் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, வார நாளில் போய், ஒரு வெறும் க்ரோசான்ட்டைக் கடை வாசலிலேயே பிய்த்துப் பாருங்கள். சுட்டு இரண்டு மணி நேரத்துக்குள் தின்றும் நடு களியாக இருந்து, அடி எண்ணெயாக வழிந்தால், அது கடையின் குறை, சந்தேகமில்லை. அதிலும் ஒரு ஈடு கெட்டுப்போவது எந்த நல்ல பேக்கரியிலும் நடக்கும். மழைக்கால ஈரப்பதம், புது மாவு மூட்டை, விடுப்பில் போன ஆள் என்று ஏதாவது ஒன்று போதும். வெட்டிய முகத்தை ஒரு படம் எடுத்துக் கவுண்டரில் காட்டி, "நடுவுல வேகல போல இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். ட்ரேயைப் போய்ப் பார்த்து, வேறொன்று எடுத்துக் கொடுப்பவர்கள் என்றால் மூன்றாம் முறையும் போகலாம். "இது அப்படித்தாங்க இருக்கும்" என்று பதில் வந்தால், அந்த வரிசையில் வேறு யாராவது நின்றுகொள்ளட்டும்.